சித்தப்பா பங்குக் கயிறு

எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குக் கதவும் பூட்டும் வந்தது மாடுகள் போன பிறகுதான். மாடுகள் இருந்தவரை ஒரு மூங்கில் தட்டியை இழுத்துச் சாத்தினால் போதுமாக இருந்தது. சித்தப்பா பிரான்சிலிருந்து மெஷின்களைக் கொண்டுவந்து இறக்கிய வருஷம், கொட்டகையின் தரைக்குச் சிமெண்டு பூசி, சுவரில் பிளக் பாயிண்ட் வைத்து, கனமான கதவு ஒன்றையும் மாட்டினார்கள். எங்கள் ஊரான நெரவியில் மனிதர்கள் குடியிருந்த பல வீடுகளுக்கே அப்போது அப்படி ஒரு கதவு கிடையாது. எனக்கு எட்டு வயது.

சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். காரைக்கால் பக்கத்தில் அப்படிப் போனவர்களைச் சொல்தா என்பார்கள். லீவில் வரும் சொல்தாக்கள் சென்ட் பாட்டில், சாக்லேட், கைக்கடிகாரம் என்று கொண்டுவருவது வழக்கம். எங்கள் சித்தப்பாவின் பெட்டியைத் திறந்தபோது உள்ளே கரண்டில் ஓடும் டிரில் மெஷின் ஒன்றும், அதை நிறுத்திவைத்துத் துளை போடுவதற்கான இரும்புத் தாங்கியும், வட்ட ரம்பம் ஒன்றும், பலகையை மேசையோடு இறுக்கிப் பிடிக்க, சிவப்புக் கைப்பிடி போட்ட நான்கு கிளாம்புகளும் இருந்தன. சென்ட்டை எதிர்பார்த்துக் கோட்டுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பிப் போய்விட்டார்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் மரவேலை செய்துகொண்டு ஊரோடு இருக்கவேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. அதற்கு லீவிலேயே ஒத்திகை பார்த்தார். நீளமான பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்பாவுக்கு வயலில் வேலை. அம்மாவுக்கு அந்தச் சத்தமே ஆகாது. அதனால் சித்தி பிடித்தார். இரண்டு மாத லீவு முடிவதற்குள் சித்தி துளை போடவும் சித்தப்பா மறுமுனையைப் பிடிக்கவுமாக நிலைமை மாறியிருந்தது. சித்தியின் கோடு பிசகாது. சித்தப்பாவே அதை ஒப்புக்கொண்டார்.

சித்தப்பா வாய் நிறையச் சிரிக்கிற மனிதர். கொட்டகைக்குள் நுழைந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார். மெஷினுக்கு முன்னால் நிற்கிறவர் உடம்பில் தொங்குவது எதுவுமே இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். சித்தி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகவேண்டும். கொண்டை போட்டு அதன்மேல் துண்டு கட்டவேண்டும். தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளவேண்டும், வளையல்களைக் கழற்றிச் சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டவேண்டும். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகுதான் மெஷினை ஓட்டவேண்டும். மெஷினில் துளைக்கும் கம்பியை மாற்றுவதற்கு ஒரு சின்னச் சாவி உண்டு. அதை அவர் பிளக்கோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தார். சாவி வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கியே தீரவேண்டும். எதிலாவது சித்தி அசந்துவிட்டால், “அத்தான்சியோன்!” என்று கத்துவார். பிரெஞ்சில் கவனம் என்று அர்த்தமாம். தெருவில் விளையாடும்போது நாங்களும் அதைக் கத்திப் பார்ப்போம்.

“அதுக்குக் கட்டையும் ஒண்ணுதான், கையும் ஒண்ணுதான். நீதான் பாத்துக்கணும்,” என்று சித்தியிடம் சொல்லிவிட்டு அவர் கப்பலேறிப் போனார். நாங்கள் கப்பல் என்றுதான் சொல்வோம். உண்மையில் விமானத்தில்தான் போனார்.

அவர் போன பிறகு கொட்டகை பூட்டியே கிடக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். சித்திக்குப் பிள்ளை இல்லை. சமையலில் பாதி அம்மா பார்த்துக்கொள்வார். மத்தியானச் சாப்பாடு ஆனதும் சித்தி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முதலில் மணைகள் செய்தார். பிறகு துணி மாட்டும் சட்டம், எனக்கு ஒரு சாய்வு மேசை, பக்கத்து வீட்டுக்குச் சாமி மாடம். கொட்டகையில் இருக்கும்போது சித்தி மெதுவாகப் பாடுவார். வீட்டுக்குள் ஒருநாளும் அவர் பாடி நான் கேட்டதில்லை. ஆனாலும் சித்தப்பாவின் சட்டங்களில் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. வளையல்கள் ஆணிக்குப் போன பிறகுதான் பிளக் சுவருக்குப் போகும்.

அடுத்த வருஷம் ஆடி மாதத் தொடக்கத்தில் அத்தை வந்தார். அவர் வீட்டு ஊஞ்சல் பலகை வெடித்துப்போயிருந்தது. புதுப் பலகைக்கு நான்கு துளைகள் போட்டு மூலைகளை வட்டமாக்கித் தரவேண்டும். ஆசாரி நாள் கடத்துகிறாராம். பலகையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார். கொட்டகை வாசலில் நின்று சித்தியைப் பார்த்ததும் அத்தையின் குரல் மாறியது.

“ஏண்டியம்மா, புருசன் கடல் தாண்டி இருக்கான். நீ இப்புடி மூளிக் கையோட நிக்கிறியே?”

“வேலை முடிஞ்சதும் போட்டுக்குவேன் அண்ணி. ஒங்க தம்பிதான் கழட்டச் சொன்னாங்க.”

“அவன் சொல்லுவான், ஆம்பளைக்கு என்னா தெரியும்? பொம்பள கை மூளியா இருந்தா அது யாரு தலையில விடியும்னு ஒனக்குத் தெரியாதா?”

அத்தை பலகையை மட்டும் பத்திரமாக இறக்கிவைத்துவிட்டுப் போனார்.

எனக்கு அது தூக்கிவாரிப்போட்டது. அம்மாவிடம் கேட்டேன். பெரியவர்கள் பேச்சில் உனக்கு என்ன வேலை என்று விரட்டினார். எதிர்வீட்டில் கணவர் இறந்துபோன ஒரு பெண் இருந்தார். அவருடைய கைகளில் வளையல் கிடையாது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று நான் யோசிக்கவில்லை. சித்தி வளையலைக் கழற்றும் ஒவ்வொரு மத்தியானமும் சித்தப்பாவுக்கு அங்கே என்னவோ ஆகப்போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். கொட்டகையில் மெஷின் ஓடும் நேரமெல்லாம் காதைப் பொத்திக்கொள்வேன். சித்தப்பாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆடிப் பதினெட்டு வந்தது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடியது. படித்துறையில் அம்மாவும் சித்தியும் மற்றப் பெண்களும் காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டுக் கும்பிட்டார்கள். பிறகு ஒருவர் கழுத்தில் ஒருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வலது மணிக்கட்டில். அப்பா கையில் கட்டினார்கள், என் கையில் கட்டினார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

“சித்தப்பாவுக்கு?” என்று கேட்டேன்.

“அவங்கதான் இங்க இல்லையே,” என்றார் அம்மா.

சித்தப்பா பங்குக் கயிற்றைச் சித்தி கையில் கட்டலாமே என்றேன். படித்துறையில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் யாராலும் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. சித்தியின் கண் நிறைந்துவிட்டது. சித்தப்பாவின் தடித்த மணிக்கட்டை நினைவில் வைத்து நானே கயிற்றை அளந்து வெட்டிச் சித்தியின் வலது கையில் கட்டினேன். இனி வளையல் இல்லாவிட்டாலும் அது மூளிக் கை இல்லை. பெரியவர்களுக்குத் தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றியதில் அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்கு நாள் கழித்துக் கொட்டகைக்குப் போனபோது ஆணியில் வளையல்களோடு கயிறும் தொங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா கைக்கு அளந்தது சித்தியின் கையிலிருந்து சுலபமாகக் கழன்று வந்திருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் சித்தி மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “மெஷின் கிட்ட கயிறு ஆவாது பாப்பா. வெளியில வந்ததும் போட்டுக்கிறேன், சத்தியமா,” என்றார். நான் கேட்கவில்லை. கயிறு தானாகத்தான் அறுந்து விழவேண்டும், நாமாகக் கழற்றினால் சித்தப்பா செத்துப்போவார் என்று அழுதேன். மத்தியானம் சாப்பிடவில்லை, சாயங்காலமும் சாப்பிடவில்லை. அழுது அழுது உடம்பு சுட ஆரம்பித்துவிட்டது.

விளக்கேற்றும் நேரத்தில் சித்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வலது கையை நீட்டினார்.

“இந்தா, கட்டு. நீ எப்புடிக் கட்டுனாலும் சரி.”

இந்தத் தடவை கழற்றவே முடியாதபடி இறுக்கி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டேன். கயிற்றின் இரண்டு நுனியும் நீளமாக மிஞ்சின. கத்தரித்துவிடலாமா என்று சித்தி கேட்டார். கட்டிய கயிற்றில் கத்தரி படக் கூடாது என்றேன். அதை யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. நானே சொல்லியிருப்பேன். சித்தி நுனிகளைச் சுருட்டிக் கயிற்றுக்குள்ளேயே செருகிக்கொண்டு எனக்குச் சோறு ஊட்டினார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஊஞ்சல் பலகையில் துளை போட்டுக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தேன். மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தச் சத்தம் தொண்டை அடைத்ததுபோல இறங்கியது. சித்தி கத்தவில்லை. ஏதோ இரும்பு விழுந்த சத்தம் கேட்டது. வயலிலிருந்து அப்போதுதான் சாப்பிட வந்திருந்த அப்பா எழுந்து ஓடினார். அப்பா போய் மெஷினை நிறுத்துவதற்கு முன்பே சித்தி காலால் வயரை இழுத்துப் பிளக்கைப் பிடுங்கியிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். அது சித்தப்பா சொல்லிக்கொடுத்தது. வயர் எப்போதும் கால் எட்டும் இடத்தில் கிடக்கவேண்டும்.

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு சித்தி நடந்து வந்தார். முந்தானை முழுக்க ரத்தம். அப்பா கார் பிடித்துக் காரைக்கால் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவும் கூடப் போனார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

நான் கொட்டகைக்குள் போனேன். ஊஞ்சல் பலகை மேசைமேல் இருந்தது. இரண்டு பக்கமும் சிவப்புக் கைப்பிடிக் கிளாம்புகள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. நான் தள்ளிப் பார்த்தும் பலகை அசையவில்லை. மெஷினின் கம்பியில், மேலிருந்து கீழ்வரை, மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது. பாதி சிவப்பாகியிருந்தது. கயிறு தானாக அறுந்து விழவில்லை, மெஷின் அறுத்துவிட்டது. சித்தப்பா போய்விட்டார் என்றே நினைத்தேன். சித்தியின் கை எனக்கு நினைவிலேயே இல்லை. சுற்று சுற்றாகப் பிரித்து எடுத்து, என் ஜியாமெட்ரி பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன்.

சித்தியின் ஆட்காட்டி விரலில் ஒரு கணு போய்விட்டது. நடுவிரலுக்குத் தையல் போட்டார்கள். அது பிறகு மடங்கவே இல்லை. மறுநாள் வீடு திரும்பிய சித்தியைப் பார்க்க அத்தை வந்தார். எப்படி ஆயிற்று என்று எல்லாரும் கேட்டார்கள்.

“கிளாம்ப் போடாம விட்டுட்டேன் அண்ணி. பலகை வழுக்கிக் கைய இழுத்துட்டுப் போயிட்டுது,” என்றார் சித்தி.

கிளாம்ப் போட்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கயிறு அறுந்த விஷயம் வெளியே வராதவரை எனக்கு நல்லதுதான்.

எல்லாரும் போன பிறகு சித்தியின் கட்டிலருகே போய் மெல்லக் கேட்டேன், சித்தப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதென்று தந்தி வருமா என்று. சித்தி இடது கையால் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“சித்தப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. அவங்க நல்லாத்தான் இருக்காங்க. அந்தக் கயிறு ஒங்கிட்டயா இருக்கு?”

தலையாட்டினேன்.

“யார்ட்டயும் காட்டாத. வாய்க்கால்ல விட்டுட்டு வந்துடு, என்னா?”

விட்டுவிட்டு வந்தேன். வலது கையில் கட்டு இருந்ததால் சித்தப்பாவுக்குக் கடிதத்தைச் சித்தி சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். நீலநிற ஏரோகிராமில், கோடு போடாமலே நேராக எழுதினேன். ‘அன்புள்ள அத்தானுக்கு, நான் நலம். என் கையில் சிறு காயம். நீங்கள் சொன்னபடி பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்காமல் மெஷினை ஓட்டியது என் தப்பு.’ ‘தப்பு’ என்பதற்கு ஒற்று உண்டா என்று கேட்டுச் சரியாக எழுதினேன். கயிற்றைப் பற்றி ஒரு வரியும் வராததில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அப்பா உரக்கப் படித்தார். சித்தப்பா அப்படிக் கோபப்பட்டு நான் கேட்டதில்லை. எத்தனை தடவை சொன்னேன், ஒரு சட்டத்தை விட்டவள் நாளைக்கு இன்னொன்றையும் விடுவாள், இனி நீ மெஷின் பக்கமே போகவேண்டாம் என்று எழுதியிருந்தார். தன்னோடு பட்டாளத்தில் இருக்கும் ஒருவரின் தம்பி கோட்டுச்சேரிமேட்டில் படகுகளுக்குத் தச்சுவேலை செய்கிறார், எல்லாவற்றையும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று முடித்திருந்தார். அம்மா சரி என்றார். அப்பாவும் சரி என்றார். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று நான் முதலிலேயே சொன்னேனே என்றார் அத்தை.

சித்தி கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கயிறு என்று சொல்லியிருந்தால் சித்தப்பா மெஷினைக் கொடுத்திருக்கமாட்டார். என்னைத்தான் நாலு வார்த்தை திட்டியிருப்பார். அந்த நாலு வார்த்தை என்மேல் விழக் கூடாது என்பதற்காகச் சித்தி தன் கொட்டகையையே விட்டுக்கொடுத்தார். இது எனக்குப் புரிந்தபோது எனக்குச் சொந்தமாக ஒரு வீடும், அந்த வீட்டில் ஒரு டிரில் மெஷினும் இருந்தன; அதைத் தொட ஆசைப்படும் மகள் ஒருத்தியும் இருந்தாள். அவள் மணிக்கட்டில் இருந்த கயிற்றைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். ஊருக்குப் போய்ச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எதைச் சொல்கிறாய், எனக்கு ஒன்றும் ஞாபகமில்லையே என்றுவிட்டார். அந்தக் கடிதத்தை எழுதியது என் கை. அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

சித்தப்பாவின் கடிதம் வந்த சில நாளில், கோட்டுச்சேரிமேட்டுக்காரர் ஒரு காலையில் தள்ளுவண்டியோடு வந்தார். முப்பது வயதிருக்கும். லுங்கியும் கைவைத்த பனியனும் போட்டிருந்தார். சித்தி இடது கையால் கொட்டகையைத் திறந்துவிட்டார். ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் சொல்லவேண்டியதைச் சொன்னார். பிளக்கோடு இருக்கும் சாவியை அவிழ்த்துவிடாதீர்கள். தோளில் துண்டு போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ஈரத் தரையில் வைத்து ஓட்டாதீர்கள்.

“சரிங்கக்கா, சரிங்கக்கா,” என்று அவர் கேட்டுக்கொண்டார்.

மெஷினைத் தூக்குவதற்கு அவர் கையை நீட்டியபோது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு தெரிந்தது. ஏதோ கோயிலில் கட்டியது. சித்தி பேச்சை நிறுத்தினார். கதவில் சாய்ந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

“பாப்பா, இவங்களுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா,” என்றார்.

நான் சொம்போடு திரும்பி வந்தபோது இரண்டு பேரும் வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். சித்தி தன் கட்டுப்போட்ட கையின் மணிக்கட்டை இடது கை விரலால் தொட்டுத் தொட்டு ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சித்தியின் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு வண்டியிலிருந்த ஓர் உளியை எடுத்து, நடுத்தெருவில் நின்றுகொண்டு, அந்தக் கயிற்றை அறுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார்.

சொம்பை நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தேன். சாமி கயிற்றை அறுத்துவிட்டு நிற்கிற மனிதரோடு எனக்கு என்ன பேச்சு? அதை அவருக்குக் கட்டிவிட்டவர்கள் வீட்டில் எப்படி அழப்போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, சித்தப்பாவுக்கு நான் இருந்தேன்.